சுடர் காக்கும் கண்

ஜெர்மனி நாட்டுத் துறைமுக நகரங்களுள் ஹாம்பர்க் பெரும்புகழ் வாய்ந்தது. அந்நகரில் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் ஹைன்றிக் ஹெர்ட்ஸ் பிறந்தார். அவர் தந்தையார் வழக்கறிஞர். ஹெர்ட்ஸ் இளமையிலேயே நூற்பயிற்சியோடு கைத்தொழிற் பயிற்சியும் பெற்றார். மரவேலை கற்றார்; கடைசல் இயந்திரத்தை இயக்கவும் பழகினார். கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் இத்திறன் பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

முதலில் அவர் பொறியியல் பயிலத் தொடங்கினார். ஆயினும், அவர் உள்ளம் இயற்கையின் உண்மைகளை ஆராய்வதையே நாடிற்று. எனவே, இயற்பியலை மேற்கொண்டார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1880இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1885இல் கார்ல்ஸ்ரூ நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார்.

மின்காந்த அலைகள் உண்டு என்பதை மாக்ஸ்வெல் கணிதத்தால் காட்டியிருந்தார். அதனைக் கண்கூடாக மெய்ப்பிக்க ஹெர்ட்ஸ் முயன்றார். ஓரிடத்தில் மின்பொறி தெறிக்கச் செய்தார். சற்றுத் தொலைவில், சிறு இடைவெளியுள்ள கம்பி வளையம் ஒன்றை வைத்தார். அவ்விடைவெளியிலும் நுண்ணிய பொறி தோன்றியது. அது மங்கலாக இருந்தமையால், நன்கு காணும்பொருட்டு இருண்ட பெட்டியால் மூடினார். மூடியதும் பொறியின் நீளம் குறைந்தது!

வேறொருவராயின் இதனைச் சிறு இடையூறு எனத் தள்ளியிருப்பார். ஹெர்ட்ஸோ தம் பெரிய ஆராய்ச்சியைச் சில திங்கள் ஒதுக்கிவைத்து, இதன் காரணத்தைத் தேடினார். இரு பொறிகளுக்கும் இடையே பலவகைப் பொருள்களை மாறி மாறி நிறுத்தினார். கண்ணாடித் தகடு பொறியைக் குறுக்கியது. குவார்ட்ஸ் படிகம் குறுக்கவில்லை. கண்ணாடி தடுப்பதும் குவார்ட்ஸ் தடுக்காததும் புறஊதா ஒளியே. முதற்பொறியினின்று வந்த அவ்வொளியே இரண்டாம் பொறிக்குத் துணைசெய்தது எனத் தெளிந்தார். 1887இல் இதனை வெளியிட்டபோது, கண்டதை மட்டும் கூறினார். விளங்காத ஒன்றற்குக் கற்பனையாக விளக்கம் கூறினாரில்லை. ஒளிமின் விளைவு எனப்படும் இதன் காரணத்தை 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளையும் 1888இல் மெய்ப்பித்தார்.

ஆலைக் கொதிகலனின் உலையில் எண்ணெயோ எரிவாயுவோ எரிகின்றது. சுடர் அணைந்தபின்னும் எரிபொருள் பாயுமானால், அது உலையில் நிறைந்து, மீண்டும் தீப்பட்டவுடன் வெடிக்கும். அருகில் உழைப்போர் உயிரிழக்கவும் நேரும். இவ்விடரைத் தடுக்கப் பல கொதிகலன்களில் மின்னணுக் காவற்கருவிகள் அமைந்துள்ளன. அவை முதலில் காற்றைச் செலுத்தி, உலையில் தங்கிய எரிவாயுவை வெளியேற்றுகின்றன. பின்னரே தீமூட்ட இடந்தருகின்றன. சுடரை நோக்கும் கண்ணாக ஒரு சிறு குழாய் விளங்குகிறது. சுடரின் புறஊதா ஒளி அதனுள் உள்ள உலோகத்தின்மீது படும்போது எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு, மின்னோட்டம் நிகழ்கிறது. சுடர் அணைந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். சில நொடிகளுள் எரிபொருள் வால்வு மூடிக்கொள்ளும். சிவக்கக் காய்ந்த உலைச்சுவரும் அக்கண்ணை ஏமாற்ற இயலாது. அச்சுவரின் ஒளியில் அக்கண் உணரத்தக்க புறஊதா ஒளி இல்லை.

ஹெர்ட்ஸ் 1889இல் பான் நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கொடிய நோய்வாய்ப்பட்டு, 1894ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள், தம் 36ஆம் வயதில் மறைந்தார். அலைவெண்ணின் அலகு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. தம் கண்டுபிடிப்பு உலைகளைக் காக்கும் என அவர் அறிந்திருக்கவில்லை. ஆயினும், ஒரு பொறி சிறிதே குறுகியதையும் புறக்கணியாத அவரது கூர்நோக்கு, உலையருகே உழைப்போரின் உயிர்க்குக் காவலாய் நிற்கின்றது.