கடல் கடந்த கணிதமேதை

1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி அழைத்தபோது, கடல் கடப்பது ஆசாரத்திற்கு ஒவ்வாதென்று ஸ்ரீநிவாச இராமானுஜன் மறுத்துவிட்டார். பின்னர், நாமகிரித் தாயார் கனவில் தோன்றி மகனைத் தடுக்க வேண்டாமெனப் பணித்ததாகக் கூறி, அன்னை கோமளத்தம்மாளே இசைந்தார்.

ஆயினும் குடுமியற்ற கோலத்தை அவர் காணலாகாது! அன்னையையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்திற்கு ரயிலேற்றிய பின்னரே இராமானுஜன் சிகையைக் களைந்தார். கணிதப் புதிர்களைவிட இது அவருக்குக் கடினமாக இருந்திருக்கும். 1914 மார்ச் 17 அன்று, 26 வயதில், சென்னையிலிருந்து ‘நெவாசா’ கப்பலில் தனியே புறப்பட்டு, ஏப்ரல் 14-இல் லண்டன் சேர்ந்தார்.

அங்கும் புலால் தொடாமல் தாமே சமைத்து உண்டார். போர்க்காலத்தில் காய்கறிகள் அரிதாயின, 1917-இல் நோயுற்றார். 1919 மார்ச்சில் மெலிந்த உடலுடன் பம்பாயில் இறங்கினார். அன்னை வந்திருந்தார். ஜானகி எங்கே என்று வினவினார் இராமானுஜன். அதன்பின் ஓராண்டே வாழ்ந்தார்.