மருதநாயகம்

மருதநாயகம் என்கிற முகமது யூசுப் கான் (ஏறத்தாழ 1725 - அக்டோபர் 15, 1764) சாதாரண சிப்பாயாக வாழ்வைத் தொடங்கி, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் இந்தியச் சிப்பாய்ப் படைகளுக்குத் தளபதியாகவும் பின்னர் மதுரையின் ஆளுநராகவும் உயர்ந்தவர். கான் சாகிப் என்றும் அழைக்கப்பட்டார். இறுதியில் ஆற்காடு நவாபையும் கம்பனியையும் எதிர்த்துப் போரிட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

இளமை

இராமநாதபுரம் சீமையிலுள்ள பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் எனக் கருதப்படுகிறது. இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி இசுலாம் சமயத்தைத் தழுவினார். நெல்லூரில் பணியில் சேர்ந்து சிப்பாய், அவில்தார், சுபேதார் எனப் படிப்படியாக உயர்ந்தார். இதனால் நெல்லூர் சுபேதார் என்ற பெயரும் இவருக்கு உண்டு.

படைப்பணி

கர்நாடகப் போர்களின்போது இராபர்ட் கிளைவின் படையில் தம் வீரர்களுடன் இணைந்தார். மேசர் இசுட்ரிஞ்சர் லாரன்சின் கீழ் ஐரோப்பியப் போர்முறையைக் கற்றார். 1752 முதல் 1754 வரை நடைபெற்ற திருச்சிராப்பள்ளிப் போர்களில், ஆங்கிலேயர் முகாமுக்கு உணவுப்பொருள் வண்டிகளைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்த்தது இவரது முக்கியப் பணியாகும். லாரன்சின் பரிந்துரையால் சிப்பாய்ப் படைகள் அனைத்திற்கும் தளபதியாக நியமிக்கப்பட்டார். கம்பனி இவருக்குத் தங்கப் பதக்கமும் வழங்கியது.

1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, எதிரியின் பின்புறத்தைத் தொடர்ந்து தாக்கி முற்றுகை தோல்வியடைய உதவினார். பாளையக்காரர்களுக்கு எதிரான போர்களில் புலித்தேவரின் கோட்டைகளைக் கைப்பற்றினார்.

மதுரை ஆட்சி

1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் குத்தகைக்கு இவரிடம் ஒப்படைக்கப்பட்டன. குளங்களையும் கோட்டைகளையும் செப்பனிட்டார். நெசவையும் வணிகத்தையும் ஊக்குவித்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலங்களை மீண்டும் கோயிலுக்கே அளித்தார்.

கிளர்ச்சி

இவரது வளர்ச்சியைக் கண்டு நவாப் முகமது அலி அஞ்சினார். குத்தகைப் பணத்தைத் தம் வழியாகவே செலுத்த வேண்டும் என்றார். கம்பனியால் பதவி பெற்ற தம்மை நவாபின் பணியாளராகக் கருதுவதை யூசுப் கான் ஏற்கவில்லை. கம்பனியோ நவாபின் பக்கம் நின்றது. 1763இல் இவர் தம்மைச் சுதந்திர ஆட்சியாளராக அறிவித்துப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

1763 செப்டம்பரில் மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. மழைக்காலம் வந்ததால் முதல் முற்றுகை கைவிடப்பட்டது. 1764இல் மேசர் சார்லசு கேம்பெல் தலைமையில் முற்றுகை மீண்டும் தொடங்கியது. கோட்டையைத் தாக்கிப் பிடிக்க இயலாத நிலையில் உணவும் நீரும் உள்ளே செல்லாமல் தடுக்கப்பட்டன.

மறைவு

1764 அக்டோபரில் திவான் சீனிவாசராவ், பிரெஞ்சு அதிகாரி மார்ச்சந்த் உள்ளிட்ட சொந்த ஆட்களே, இவர் தொழுகையில் இருந்தபோது பிடித்து எதிரிகளிடம் ஒப்படைத்தனர். அக்டோபர் 15 அன்று மதுரையை அடுத்த சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். உடல் துண்டிக்கப்பட்டு வெவ்வேறு ஊர்களில் புதைக்கப்பட்டது என்பது செவிவழிச் செய்தி.

நினைவு

சம்மட்டிபுரத்தில் இவரது அடக்கத்தலம் ஒரு தர்காவாக உள்ளது. இவரது வாழ்வை எசு. சி. இல் 1914இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். 1997இல் நடிகர் கமல்காசன் மருதநாயகம் என்னும் திரைப்படத்தைத் தொடங்கினார். அதன் படப்பிடிப்பு பின்னர் நின்றுபோனது.