விடை மட்டும் எழுதிய நோட்டு



இந்த மாதச் சுவர் இதழுக்குக் கணிதமேதை சீனிவாச ராமானுஜனைப் பற்றி எழுதும்படி சொன்னார்கள். ராமானுஜன் என்றதும் எல்லாரும் 1729 கதையைத்தான் சொல்வோம். டாக்ஸி நம்பர், ஆஸ்பத்திரி, எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்தே கேட்டாச்சு. அதனால அதை விட்டுட்டேன். நான் எழுதப் போறது அவரோட நோட்டைப் பத்தி.

அதுக்கு ஒரு காரணம் உண்டு. போன மாசம் இயற்பியல் செய்முறையில ரீடிங் எல்லாத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கிட்டு, விடையை மட்டும் ரெக்கார்டு நோட்டில் அழகாக ஏத்தினேன். அடிக்கோடு கூட சிவப்பில் போட்டேன். துண்டுத் தாள் எங்கேயோ தொலைஞ்சு போச்சு. இந்த விடை எப்படி வந்துச்சுன்னு சார் கேட்டப்ப எனக்கே சொல்லத் தெரியலை. ராமானுஜன் நோட்டின் கதையைப் படித்தபோது அந்த ஞாபகம்தான் வந்தது.

ராமானுஜன் நம்ம பக்கத்தில் பிறந்தவர் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டில் பிறந்தார். தாத்தா ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனா. நாம இங்கே அவிநாசியில பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடற ஊர்தான். ஆனால் வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச அய்யங்கார் அங்கே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். அம்மா கோமளத்தம்மாள்.

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, 1903-ல், ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் எழுதியது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகச் சுமார் 5000 கணித முடிவுகளை வரிசையாக அடுக்கி வைத்த புத்தகம். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது, இருந்தாலும் ஒரு வரி, ரெண்டு வரிதான். நம்ம ஊர் கைடு மாதிரின்னு வெச்சுக்கங்களேன். 15 வயதுப் பையன் அதை மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தான். போட்டுப் பார்க்கும்போதே புதிது புதிதாக வந்தது. அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தான். எப்படி எழுதினான்? கார் எழுதிய மாதிரியே. முடிவு மட்டும்!

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அன்றைக்குத் தாள் விலை ராமானுஜன் வீட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் கணக்கு முழுவதையும் சிலேட்டில்தான் போட்டார். சிலேட்டு நிறைந்ததும் துணியைத் தேடாமல் முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். முழங்கை கருப்பாகி, தடித்தே போச்சாம். கடைசியில் வரும் விடை மட்டும் நோட்டுக்குப் போகும். வழி முழுவதும் முழங்கையில் போய்விடும். நீல மையில் ஏற்கெனவே எழுதிய தாளின் மேலேயே சிவப்பு மையில் எழுதியதும் உண்டு.

கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. 1904-ல் பள்ளியில் கணக்குக்குப் பரிசு, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம். ஆனால் ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி, அடுத்த வருஷம் திரும்ப எழுதி மறுபடியும் தோல்வி. 1909-ல் ஜானகியோடு கல்யாணம். பட்டம் இல்லை, வேலை இல்லை. கையில் இருந்தது அந்த நோட்டு மட்டும்தான்.

இங்கேதான் அந்த நோட்டு வேலை செய்ய ஆரம்பித்தது. 1910-ல் ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி அய்யர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் ஏதாவது ஒரு குமாஸ்தா வேலை கேட்டு, அடையாளத்துக்கு நோட்டைக் காட்டினார். நோட்டைப் புரட்டிய ராமசாமி அய்யர், இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீஸில் கொண்டுபோய் உட்கார வைக்கத் தனக்கு மனசில்லை என்று சொல்லி, சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பினார். அவர்கள் மூலம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போனார். சவரம் செய்யாத முகம், அழுக்கு வேட்டி, கக்கத்தில் கந்தலான நோட்டு. அப்படித்தான் ராவ் அவரைப் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். முதலில் ராவுக்கு நம்பிக்கை வரவில்லை. பல தடவை வரச் சொல்லி, நோட்டில் இருந்ததை வாயால் விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் நம்பினார். தன் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்தார்.

வாயால் விளக்கினார் என்பதைக் கவனியுங்க. ஆள் பக்கத்தில் இருக்கிற வரைக்கும் நோட்டில் வழி இல்லாதது பெரிய குறையாகத் தெரியவில்லை.

1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் ஒரு கேள்வி கேட்டார். அதை நாமும் போட்டுப் பார்க்கலாம். 1-ஐயும் 2-ஐயும் எழுதி, அந்த 2-ஐ ஒரு வர்க்கமூலத்தால் பெருக்கணும். அந்த வர்க்கமூலத்துக்குள் 1-ஐயும் 3-ஐயும் எழுதி, 3-ஐ இன்னொரு வர்க்கமூலத்தால் பெருக்கணும். இப்படியே முடிவில்லாமல் உள்ளே போய்க்கிட்டே இருக்கும்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...))))

இதன் மதிப்பு என்ன? ஆறு மாதமாகியும் யாரும் விடை அனுப்பவில்லை. விடை 3. வெறும் 3 என்று பார்த்தால் ஒன்றும் புரியாது. வழியைப் பாருங்க. 3 என்பது √9. 9 என்பது 1 + 2×4. அந்த 4 என்பது √16. 16 என்பது 1 + 3×5. அந்த 5 என்பது √25, அதாவது √(1 + 4×6). அப்புறம் 6, 7, 8... ஒவ்வொரு எண்ணும் அடுத்த கதவைத் திறந்து விடுது. எனக்கு இது புரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலீங்க. (இதிலும் முழு நிரூபணத்துக்கு இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்குன்னு கணக்கு சார் சொன்னார். ராமானுஜன் இதழுக்குக் கொடுத்த விடையிலும் அந்தப் பாக்கி இருந்ததாம்!)

எங்க மாமா ஒருத்தர் மோட்டார் காயில் கட்டறவர். போர்வெல் மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா அவர்கிட்டதான் வரும். பழைய காயிலை வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நீள நோட்டை எடுத்து உட்கார்ந்துடுவார். தேதி, எத்தனை எச்.பி., எத்தனை ஸ்லாட்டு, ஒரு காயிலுக்கு எத்தனை சுத்து, கம்பி என்ன கேஜ், எந்த ஸ்லாட்டுல இருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகுது, கனெக்சன் எப்படி, எல்லாத்தையும் படம் போட்டு எழுதிட்டுத்தான் உளியை எடுப்பார். ஒரு தடவை புதுசா வந்த பையன் சுத்தை எண்ணாமலே வெட்டிப் போட்டுட்டான். கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க மாமாவுக்கு ஒரு நாள் முழுக்க ஓடிப் போச்சு. மோட்டாராவது ஒரு நாளோடு போச்சு. ராமானுஜன் நோட்டுக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

1912 மார்ச் 1-ல் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். அந்த வருஷமே சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் அவருக்காக லண்டனில் இருந்த தன் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு எழுதினார். அங்கிருந்து வந்த பதில், பையனுக்குத் திறமை உண்டு, ஆனால் முறைப்படி நிரூபிக்காததால் சில இடங்களில் வழுக்கி விழுகிறான் என்ற பொருளில் இருந்தது. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ராமானுஜனே எழுதினார். நோட்டிலிருந்து எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள், நிரூபணம் இல்லாமல். ஹார்டியும் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்து அசந்து போனார்கள். ஹார்டி உடனே கேட்டது நிரூபணத்தைத்தான். பகா எண்களைப் பற்றி அந்தக் கடிதங்களில் ராமானுஜன் சொன்ன சில முடிவுகள் தவறாகவும் இருந்தன.

1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் போன சில மாதங்களில் ஊரில் இருந்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நோட்டு மூலையில் தூங்குகிறது, அதில் உள்ளதை இன்னும் முறையாக நிரூபிக்காததால் புது ஆராய்ச்சியை மட்டுமே வெளியிடுகிறேன் என்பது அதன் சாரம். அங்கே அவர் வாங்கிய பெருமைகள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன: 1916-ல் பட்டம், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். ஆனால் மூலையில் தூங்கிய நோட்டை எழுப்ப அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. 1919 மார்ச்சில் நோயோடு திரும்பி வந்தார். அந்தக் கோடையில் காற்று மாற்றத்துக்காக நம்ம கொடுமுடியில், காவிரிக் கரையில், இரண்டு மாதம் இருந்தார். பிறகு கும்பகோணம், பிறகு சென்னை. படுத்துக்கொண்டே கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

மூன்று நோட்டுகள் மிஞ்சின. முதல் நோட்டில் 16 அத்தியாயம், பச்சை மையில் எழுதியது. இரண்டாவது அதையே பெரிதாக்கி எழுதியது, 21 அத்தியாயம். மூன்றாவது 33 பக்கம். 3000-க்கும் மேற்பட்ட முடிவுகள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

இங்கே மைக்கேல் ஃபாரடேயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் ஏழை, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்ற பையன். டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தானே பைண்டு செய்து அனுப்பித்தான் 1813-ல் ஆய்வகத்தில் வேலை வாங்கினார். நோட்டால் வாழ்க்கை கிடைத்ததில் ரெண்டு பேரும் ஒண்ணுதான். ஆனால் ஃபாரடே ஆய்வகத்தில் செய்ததை, தோற்றுப் போனதைக் கூட, தேதி போட்டு, பத்திக்கு நம்பர் போட்டு எழுதினார். அந்த நம்பர் 16041 வரை போயிருக்கிறது. அவருக்குத் தாள் கிடைத்தது என்பதையும் சொல்லணும். ராமானுஜன் சோம்பலால் வழியை எழுதாமல் விட்டவர் இல்லை.

1929-ல் வாட்சன், வில்சன் என்ற இரண்டு ஆங்கிலப் பேராசிரியர்கள் அந்த நோட்டுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள். வில்சன் 1935-ல் இறந்தார். வாட்சன் பல கட்டுரைகள் எழுதிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். 1957-ல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம் நோட்டுகளை அப்படியே படமெடுத்து அச்சிட்டது.

இதற்கிடையில் கடைசி வருஷத்தில் எழுதிய தாள்கள் என்ன ஆயின? ஜானகி அம்மாள் அவற்றைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்திருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1923-ல் ஹார்டிக்கு ஒரு கட்டு அனுப்பியது. அதில் இவையும் போயிருக்க வேண்டும். ஹார்டியிடமிருந்து வாட்சனிடம் போயிருக்கின்றன. 1965-ல் வாட்சன் இறந்தபோது அவர் அறைத் தரையில் தாள்கள் ஒரு அடி உயரத்துக்குக் குப்பை மாதிரி கிடந்தன. சில நாளில் எரிப்பதாக இருந்தது. பார்க்க வந்த ஒரு கணிதப் பேராசிரியர் கையை விட்டுத் துழாவியதில், அந்தக் குவியலிலிருந்து ராமானுஜன் கையெழுத்து வந்தது. 1968-ல் அது கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போனது. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் அது என்னவென்று உலகுக்குச் சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கம், 600-க்கும் மேற்பட்ட சூத்திரம். அதிலும் நிரூபணம் இல்லை!

அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1974-ல் பழைய நோட்டுகளில் இறங்கினார். ஒவ்வொரு முடிவுக்கும் வழி எழுதி 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதி வெளியிட்டார். பிறகு ஆண்ட்ரூஸும் அவரும் சேர்ந்து தொலைந்து கிடைத்த தாள்களுக்கு 2005-லிருந்து இன்னொரு ஐந்து தொகுதி வெளியிட்டார்கள். கடைசித் தொகுதி வந்தது 2018-ல். ராமானுஜன் இறந்து 98 வருஷம் ஆகியிருந்தது. தப்பான முடிவுகள் மிகச் சிலவே. மற்றவற்றை நிரூபித்து விட்டார்கள். ஆனால் அதே வழியில்தான் ராமானுஜனும் போனாரா என்று பல இடங்களில் அவர்களாலேயே சொல்ல முடியவில்லை.

– 12-ஆம் வகுப்பு மாணவன், கணித மன்றம்