ஃபரூக் புல்சாரா டு ஃபிரெட்டி மெர்குரி: பஞ்ச்கனி ஹாஸ்டல் பையன் உலகத்தையே கைதட்ட வைத்தது எப்படி?

பொங்கல் லீவுக்கு எங்க ஊர் காரிமங்கலம் போயிருந்தேன். கபடி மேட்ச். கடைசி ரெய்டுக்கு முன்னாடி பசங்க எல்லாரும் சேர்ந்து காலை ரெண்டு தடவை தரையில் தட்டி, ஒரு தடவை கைதட்ட ஆரம்பிச்சாங்க. டம், டம், டக். பக்கத்தில் நின்ற தம்பியிடம், இது யாரோட பாட்டு தெரியுமா என்று கேட்டேன். ஐபிஎல்-ல போடுவாங்க அக்கா என்றான்.

அந்தத் தாளம், 1977-ல் இங்கிலாந்தின் 'குயின்' ராக் இசைக்குழு வெளியிட்ட 'வி வில் ராக் யூ' பாடலுடையது. எழுதியவர் கிடார் கலைஞர் பிரையன் மே. பாடியவர் ஃபிரெட்டி மெர்குரி. உலகமே கொண்டாடிய இந்தப் பாடகர் ஒரு பார்சி இந்தியக் குடும்பத்துப் பிள்ளை, பள்ளிப் படிப்பும் நம்ம மகாராஷ்டிராவில்தான் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அவருடைய கதையைப் பார்க்கலாம்.

யார் இந்த ஃபரூக்?

1946 செப்டம்பர் 5. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜான்சிபார் தீவில், ஸ்டோன் டவுனில் பிறந்தார் ஃபரூக் புல்சாரா. அப்பா போமி, பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளர். அம்மா ஜெர். குடும்பத்தின் பூர்வீகம் குஜராத். அங்குள்ள புல்சார், அதாவது இன்றைய வல்சாட் ஊரின் பெயர்தான் அவர்களின் குடும்பப் பெயர்.

8 வயதில் கப்பலேற்றி பஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். அப்பா, அம்மா கடலுக்கு அந்தப் பக்கம். விடுமுறைக்குப் பெரும்பாலும் பம்பாயில் இருந்த சொந்தக்காரர்கள் வீடுதான். அந்தத் தனிமையில் கிடைத்த துணை பியானோ. 12 வயதில் பள்ளி நண்பர்களோடு 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். 'ஃபிரெட்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் இந்தப் பள்ளியில்தான்.

லண்டன் போனது ஏன்?

ஆசைப்பட்டுப் போகவில்லை. 1964 ஜனவரியில் ஜான்சிபாரில் புரட்சி வெடித்தது. அரேபியர்களும் இந்தியர்களுமாக ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. அப்போது ஃபிரெட்டிக்கு வயது 17.

ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்தார். ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணி விற்றார். கடையில் அவருக்குக் கூட்டாளி, டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர். அவரும் பிரையன் மேவும் 'ஸ்மைல்' என்ற குழுவில் இருந்தார்கள். 1970-ல் அதன் பாடகர் விலக, அந்த இடத்துக்கு ஃபிரெட்டி வந்தார். குழுவின் பெயரை 'குயின்' என்று மாற்றியதும் அவர், தன் குடும்பப் பெயரை 'மெர்குரி' என்று மாற்றியதும் அவரே. குழுவின் சின்னத்தையும் நால்வரின் ராசிகளை வைத்து அவரே வரைந்தார். படித்த டிசைன் வீண் போகலை!

நாலு பேரும் என்ன படிச்சவங்க?

இங்கேதான் சுவாரஸ்யம். பிரையன் மே, வானியற்பியலில் பிஎச்.டி. ஆய்வு செய்துகொண்டிருந்தவர். ரோஜர் டெய்லர் பல் மருத்துவம் படிக்கப் போய், பிறகு உயிரியலுக்கு மாறியவர். 1971-ல் சேர்ந்த பேஸ் கிடார் கலைஞர் ஜான் டீக்கன், எலெக்ட்ரானிக்ஸ் பட்டதாரி.

1975-ல் வந்த 'போஹிமியன் ராப்சடி' ஃபிரெட்டி எழுதியது. கிட்டத்தட்ட 6 நிமிடப் பாட்டு. கோரஸே கிடையாது. நடுவில் ஓபரா, அப்புறம் ஹார்ட் ராக். இவ்வளவு நீளமான பாட்டை எந்த ரேடியோவும் போடாது என்று பலர் சொல்ல, அது பிரிட்டனில் 9 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது.

ஹிட்டானா போதுமா, காசு?

ஆரம்பத்தில் பாட்டு ஹிட், பாக்கெட் காலி. ஒப்பந்தம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. அதிலிருந்து வெளியே வர 1975 ஆகிவிட்டது.

காசு வந்ததும் சண்டையும் வந்தது. ராயல்டி பாடலை எழுதியவருக்குத்தான். 'போஹிமியன் ராப்சடி' இசைத்தட்டின் பின்பக்கம் ரோஜர் எழுதிய ஒரு பாட்டு இருந்தது. தட்டு ஒன்றுதானே? விற்ற ஒவ்வொன்றுக்கும் ஃபிரெட்டிக்குக் கிடைத்த அதே பங்கு ரோஜருக்கும் போனது. யார் பாட்டு ஆல்பத்தில் வரணும், யார் பாட்டு சிங்கிளாக வரணும் என்று வருடக்கணக்கில் உரசல். 1989 ஆல்பத்தில்தான் இதற்கு ஒரு முடிவு வந்தது. யார் எழுதினாலும் 'குயின்' என்றே பெயர், வருமானத்தில் நால்வருக்கும் சம பங்கு. ஸ்டார்ட்அப் நடத்தும் நண்பர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாம்.

எல்லாமே சரியாகச் செய்தார்களா?

இல்லை. 1984-ல் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் கச்சேரி செய்தார்கள். ஐ.நா.வின் கலாசாரப் புறக்கணிப்பு அமலில் இருந்த நேரம் அது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர்கள் சங்கம் அபராதம் போட்டது. நாங்கள் அரசியல் செய்யவில்லை, ரசிகர்களுக்காகப் பாடினோம் என்பது குழுவின் வாதம். நிறத்தாலும் பிறப்பாலும் ஒதுக்கப்பட்டவர்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய ஒருவர் அங்கே போய்ப் பாடியது, அவர் வாழ்க்கையில் இன்றும் நெருடும் பக்கம்.

அடுத்த ஆண்டே, 1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக வெம்ப்ளியில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சி. குயினுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். 70,000-க்கும் மேற்பட்ட கூட்டம் ஃபிரெட்டியின் கையசைவுக்கு ஒரே ஆளாகக் கைதட்டியது. ராக் வரலாற்றின் மிகச் சிறந்த மேடைகளில் ஒன்றாக அதைப் பலரும் இன்றும் சொல்கிறார்கள்.

ஏன் மறைத்தார்?

1987-ல் ஃபிரெட்டிக்கு எய்ட்ஸ் இருப்பது உறுதியானது. வெளியே சொல்லவில்லை. மெலிந்த அவர் முகத்தைப் படமெடுக்கப் பத்திரிகைகள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தன. அவரோ ஸ்டுடியோவில் பாடிக்கொண்டே இருந்தார். 1991 நவம்பர் 23 அன்று உண்மையை அறிவித்தார். மறுநாளே இறந்தார். வயது 45. இறுதிச் சடங்கை ஜொராஷ்டிரிய மத குருமார்களே நடத்தினார்கள். மேடையில் தன் பூர்வீகம் பற்றி அதிகம் பேசாதவர், புல்சாரா குடும்பத்துப் பிள்ளையாகவே விடைபெற்றார்.

முன்பே சொல்லியிருந்தால் பலருக்கு விழிப்புணர்வு வந்திருக்குமே என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனா காலத்தையும் பார்க்கணும். 1986-ல்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் நிர்மலா குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். பயம்தான் நோயைவிட வேகமாகப் பரவியது. தொற்று உள்ளவரைத் தொடக்கூட உலகம் தயங்கிய நாட்கள். நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1996-ல்தான் வந்தன. ஃபிரெட்டிக்கு 5 வருடம் லேட்.

இன்றைக்குத் தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டால் நீண்ட காலம் வேலை பார்க்கலாம், குடும்பம் நடத்தலாம். அரசு மையங்களில் சிகிச்சை இலவசம். 2017-ல் இயற்றப்பட்ட சட்டப்படி, எச்.ஐ.வி. இருப்பதற்காக வேலையிலோ மருத்துவமனையிலோ பாகுபாடு காட்டக் கூடாது. தேசிய உதவி எண் 1097. மருந்து வந்துவிட்டது. சொல்ல பயப்படும் நிலைதான் இன்னும் முழுசா மாறலை.

குயின் இப்போ?

ஜான் டீக்கன் 1997-க்குப் பிறகு இசையிலிருந்தே ஒதுங்கிவிட்டார். பிரையன் மே, பாதியில் விட்ட ஆய்வை முடித்து 2007-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 30 வருட கேரியர் பிரேக்! அவரும் ரோஜரும் பாடகர் ஆடம் லாம்பர்ட்டுடன் சேர்ந்து உலகம் சுற்றினார்கள். ஃபிரெட்டியின் பெயரில் 1992-ல் தொடங்கிய மெர்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை எய்ட்ஸ் தடுப்புப் பணிகளுக்கு உதவுகிறது.

காரிமங்கலத்து மேட்ச்சில் எங்க டீம் தோத்துப்போச்சு. பஸ் ஏறும் முன் அந்தத் தம்பிக்கு ஃபிரெட்டியின் கதையைச் சொன்னேன். நம்ம ஊர் ஸ்கூல்ல படிச்சவரா என்றுதான் முதலில் கேட்டான். ஆமாம்டா, ஹாஸ்டல்ல இருந்து படிச்சவர் என்றேன். அவனும் ஹாஸ்டல்தான்.