பர்லி கிரைம்ஸ்

அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் விளையாட்டுகளுள் ஒன்று பேஸ்பால். கிரிக்கெட்டைப் போலவே அதிலும் ஒருவர் பந்தெறிய, மற்றொருவர் மட்டையால் அடிப்பார். அவ்விளையாட்டில் பந்தெறிந்து புகழ்பெற்றவர்களுள் ஒருவர் பர்லி கிரைம்ஸ் என்பார்.

இவர் 1893 ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து எமரால்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் மரம் வெட்டும் காடுகளில் கடுமையாக உழைத்தார். 1916 இல் பிட்ஸ்பர்க் நகரக் குழுவில் இடம் பெற்றார். மறு ஆண்டே அவருக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. தொடர்ந்து 13 ஆட்டங்களில் தோல்வியுற்றார். அவ்வாண்டு அவர் வென்றவை 3; தோற்றவை 16. குழுவினர் அவரைப் புரூக்ளின் குழுவிற்கு அனுப்பிவிட்டனர். பிறராயின் உள்ளம் சோர்ந்திருப்பர். கிரைம்ஸோ 1918 இல் 19 ஆட்டங்களில் வென்று, தம் ஆற்றலை நிலைநாட்டினார்.

பந்தில் உமிழ்நீர் தடவி எறிவது இவர்தம் தனித்திறன். அவ்வாறு எறிந்த பந்து மட்டையை அணுகுங்கால் திடுமெனத் தாழும். 1920 இல் அம்முறை தடை செய்யப்பட்டது. எனினும், அதனையே நம்பியிருந்த 17 பேர்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. கிரைம்ஸும் அவருள் ஒருவர். ஏனையோர் ஒவ்வொருவராக ஓய்வு பெற, இறுதிவரை எஞ்சி நின்றவர் இவரே.

அவர் ஓரிடத்தில் நிலைத்திருக்க இயலவில்லை. 1916 முதல் 1934 முடிய 19 பருவங்களில் ஏழு குழுக்களுக்காக ஆடினார். சென்ற இடமெல்லாம் ஏற்ற பணியைக் குறைவறச் செய்தார். சினம் மிக்கவர் என்னும் குறையும் அவர்பால் இருந்தது. மட்டையாளர் அஞ்சும்படி அவர் உடலை ஒட்டிப் பந்தெறிவார். அது நாம் கொள்ளத்தக்கதன்று. அவர்தம் தளராமையே நாம் கொள்ளத்தக்கது.

அத்தளராமை 1931 இல் நன்கு விளங்கிற்று. முந்தைய ஆண்டின் இறுதிப் போட்டித் தொடரில் செயின்ட் லூயிஸ் குழுவிற்காக ஆடிய அவர், பிலடெல்பியா குழுவினரிடம் இருமுறை தோற்றிருந்தார். மறு ஆண்டும் அவ்விரு குழுக்களே எதிர்நின்றன. கிரைம்ஸுக்கு வயது 38. குடல்வால் அழற்சியால் வயிற்றுவலி வேறு வருத்தியது. ஆயினும் மூன்றாம் ஆட்டத்தில் வென்றார். வெற்றியை முடிவு செய்யும் ஏழாம் ஆட்டத்திலும் பந்தெறிந்தார். ஆட்டம் முடிய ஒரே ஒருவரை வீழ்த்த வேண்டிய நிலையில், வலுவிழந்து பந்தைத் தோழரிடம் ஒப்படைத்தார். அவர் குழு 4–2 என்னும் கணக்கில் வென்று வாகை சூடியது.

தம் வாழ்நாளில் 270 வெற்றிகளையும் 212 தோல்விகளையும் கண்ட கிரைம்ஸ், 1964 இல் பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம் பெற்றார். 1985 இல், தம் 92 ஆம் வயதில் மறைந்தார். தோல்வியே காணாதவர் எவருமிலர். தோற்ற பின்னும் மறுநாள் களம் புகுவோரையே வெற்றி வந்தடையும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.