சூரிச் சென்ற நாஞ்சில் நாட்டு மாணவர்

மொழி அறியாத ஊரில் வந்திறங்குவோர் படும் பாட்டை நம் சங்கத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தோல் பதனிடும் தொழிலுக்கென நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த முன்னோரும், அலுவல் தேடி மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறியோரும் மராத்தியும் இந்தியும் அறியாமலே முதல் நாட்களைக் கழித்தவர்கள். இன்று நம் பிள்ளைகள் உயர்கல்வியை நாடி ஜெர்மன் மொழி வழங்கும் நகரங்களுக்கும் செல்கின்றனர். நூறாண்டுகளுக்கு முன்பே அவ்வழி சென்ற செண்பகராமன் பிள்ளையின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்தல் பொருந்தும்.

நாஞ்சில் நாட்டு வழிவந்த சின்னசாமிப் பிள்ளைக்கும் நாகம்மாளுக்கும் மகனாக, 1891 செப்டம்பர் 15 அன்று திருவனந்தபுரத்தில் அவர் பிறந்தார். தந்தையார் காவல் துறையில் எளிய பணியாளர். அந்நாளில் உயிரினங்களை ஆராயத் திருவிதாங்கூர் வந்திருந்தார் வால்டர் ஸ்டிரிக்லண்டு. ஆங்கிலேயராயினும் ஆங்கில ஆட்சியை வெறுத்தவர். அவருடைய துணையால் 1908ஆம் ஆண்டில், ஏறத்தாழ 17 வயதில், செண்பகராமன் கடல் கடந்தார். உடன் புறப்பட்ட உறவினர் பத்மநாப பிள்ளை கொழும்பிலேயே திரும்பிவிட்டார். உறவென்று சொல்ல ஒருவருமின்றி இளைஞர் மேலே சென்றார்.

முதலில் ஆஸ்திரியாவில் பள்ளிக் கல்வியை முடித்தார். 1910 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரை அடைந்து, பொறியியல் பயிலத் தொழில்நுட்ப உயர்கல்விக்கழகத்தில் சேர்ந்தார். 1855இல் தொடங்கப்பெற்ற அக்கழகத்தில், அவர் பயின்ற காலத்திலேயே ஐன்ஸ்டைனும் 1912 முதல் 1914 வரை பேராசிரியராய் விளங்கினார். அந்நகரில் புதியவர்க்கு முதல் இடர் குளிரன்று, மொழியே. ஏட்டில் உள்ள ஜெர்மன் ஒன்று. கடைத்தெருவில் ஒலிப்பது மற்றொன்று. செந்தமிழ் மட்டும் கற்ற அயலார் ஒருவர் நாகர்கோவில் சந்தையுள் நுழைந்தால் எவ்வாறு திகைப்பாரோ, அவ்வாறே சூரிச் வருவோரும் திகைப்பர்.

அவ்வயல்மொழியைச் செண்பகராமன் தம் பிழைப்புக்கு மட்டுமன்றி, நாட்டுக்கும் கருவியாக்கினார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும், அந்நகரிலேயே இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டும் பன்னாட்டுக் குழுவொன்றை நிறுவித் தலைவரானார். பின் பெர்லின் சென்று அங்கிருந்த இந்திய விடுதலை வீரர்களோடு இணைந்தார். 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவு அமைச்சராகவும் பெயர் பெற்றார். எம்டன் கப்பலில் வந்து சென்னையைத் தாக்கியவர் அவரே என்னும் செய்தி நம்மிடையே நெடுங்காலமாக வழங்குகிறது. ஆயின் எம்டன் குண்டு வீசிய 1914 செப்டம்பரில் அவர் சூரிச் நகரில் குழுப்பணியில் இருந்தார். அக்கதை இன்றியும் அவர் பெருமை குன்றாது.

படிக்கச் சென்ற பிள்ளை உயிரோடு ஊர் திரும்பவில்லை. 1934 மே மாதம் பெர்லினில், தம் 42ஆம் வயதில் மறைந்தார். தம் சாம்பலைத் திருவனந்தபுரத்துக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் சேர்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மணிப்பூரைச் சேர்ந்த துணைவியார் இலட்சுமிபாய் அச்சாம்பலைச் சுமந்து இந்தியா வந்து, நம் மும்பையிலேயே வாழ்ந்து, முப்பது ஆண்டுகள் காத்திருந்தார். 1966 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் ‘டெல்லி’ போர்க்கப்பல் அச்சாம்பலை மும்பையிலிருந்து கொச்சிக்குக் கொண்டுசென்றது. அம்மையாரும் உடன் சென்றார். கணவர் விரும்பியபடியே அது தாய்மண்ணைச் சேர்ந்தது. அம்மையார் 1972இல் இந்நகரிலேயே காலமானார்.

அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகள் அந்நாட்டு மொழியை அச்சமின்றிக் கற்பார்களாக. கரமனை ஆற்றை மறவாத அவ்வுள்ளத்தையும் உடன் கொண்டு செல்வார்களாக. அவர்களை வழியனுப்பும் பெற்றோர், தாய்மண் ஏகு முன் அச்சாம்பல் காத்திருந்த நகரம் இதுவே என்பதை அவர்களுக்குச் சொல்வார்களாக.