பட்டம் கிடைத்தது, பருகத் தண்ணீர் கிடைக்கவில்லை!

படித்துவிட்டால் போதும், பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆலையில் உழைத்து அலுத்து வரும் தொழிலாளத் தோழரும், வயலில் நாற்று நட்டுக் கூலி பெறும் தாய்மாரும் இந்த ஒரே நம்பிக்கையில்தான் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். கடன் வாங்குகிறார்கள், கம்மலை அடகு வைக்கிறார்கள். பிள்ளையும் பட்டத்தோடு வீடு வந்து சேருகிறான். அதற்குப் பிறகுதான் பெரிய கேள்வி வந்து வாசலில் நிற்கிறது: வேலை எங்கே?

இது இன்று பிறந்த கேள்வியல்ல. இந்த நாட்டிலே மிகப் பெரிய படிப்புகளைப் படித்த ஒருவர், இதே கேள்வியைத் தோளிலே சுமந்துகொண்டு தெருத்தெருவாக அலைந்திருக்கிறார். அவர்தான் டாக்டர் அம்பேத்கர். அரசியல் சட்டத்தை வகுத்துத் தந்த அம்பேத்கரை நாம் அறிவோம். அவர் சிலைக்கு மாலையிடுகிறோம். ஆனால் மாணவர் அம்பேத்கரை, வேலை தேடிய பட்டதாரி அம்பேத்கரை நம்மிலே எத்தனை பேர் அறிவோம்? ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு யார் யார் என்னென்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த வரலாற்றைப்போல எடுத்துக் காட்டுவது வேறொன்றில்லை. ஆகவேதான் அதை இங்கே எழுதுகிறோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மோவ் என்ற பட்டாள ஊரிலே பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார் பீமராவ். தந்தை ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார். குலமோ, தொட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மகர் குலம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார அனுமதியில்லை. வீட்டிலிருந்து கோணித்துணி கொண்டுபோய் அதிலே தனியாக உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் திறக்கக் கூடாது. பள்ளிப் பியூன் வந்து ஊற்ற வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீரும் கிடையாது.

குடும்பம் பம்பாய்க்கு, அதாவது இன்றைய மும்பைக்கு வந்தது. ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் பரேல் பகுதியில் ஒரே ஒரு அறை. சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். கால் நீட்டக்கூட இடம் போதாத அந்த அறையிலே அந்தத் தந்தை ஓர் ஏற்பாடு செய்தார். மகனை முன்னிரவிலேயே தூங்க வைத்துவிட்டு, தாம் பின்னிரவு இரண்டு மணி வரை விழித்திருப்பார். பிறகு மகனை எழுப்பிப் படிக்க உட்கார்த்திவிட்டு, அந்த இடத்தில் தாம் படுப்பார். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையிலே காசு இல்லாதபோது, கட்டிக்கொடுத்த மகளிடம் போய் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைப்பார்; பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அம்பேத்கரின் அறிவைப் புகழுகிறவர்கள் அந்த அக்காளின் நகையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்!

1907இல் மெட்ரிக் தேறினார். அந்தக் குலத்துப் பிள்ளை அந்தப் பரீட்சையில் தேறுவது அன்று அதிசயம். பாராட்டுக் கூட்டமே நடந்தது. பாராட்டு சரி, கல்லூரிச் சம்பளத்துக்கு என்ன செய்வது? கேளுஸ்கர் என்ற ஆசிரியர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் எடுத்துச் சொன்னார். மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். முல்லர் என்ற பேராசிரியர் புத்தகமும் கொடுத்தார், உடுத்தச் சட்டையும் கொடுத்தார். ஆனால் கல்லூரிச் சிற்றுண்டிக் கடைக்காரரோ அவருக்குத் தேநீரும் தரவில்லை, தண்ணீரும் தரவில்லை. பாடம் மட்டும் பொது. பானைத் தண்ணீர் பொதுவல்ல! அந்த நிலையிலே படித்து, 1912இல் பி.ஏ. தேறினார்.

அடுத்த ஆண்டு பரோடா சர்க்காரில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே தந்தைக்கு உடல்நிலை மோசம் என்று தந்தி வந்தது. 1913 பிப்ரவரி 2ஆம் நாள் ராம்ஜி கண்ணை மூடினார். விழித்திருந்து மகனைப் படிக்க வைத்த அந்த மனிதர், மகனுடைய சம்பாத்தியத்தில் ஒரு வேளைச் சோறு நிம்மதியாக உண்ணவில்லை.

அதே ஆண்டு பரோடா மன்னர் அம்பேத்கரை அமெரிக்கா அனுப்ப இசைந்தார். மூன்றாண்டுக்கு, மாதம் 11½ பவுன் உதவி. திரும்பி வந்ததும் பத்தாண்டு பரோடா சர்க்காரில் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தார். நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே அவரைத் தள்ளி உட்காரச் சொல்ல யாருமில்லை. ஆனால் கைக்காசு கணக்கான காசு. அதிலும் ஒரு பகுதி பம்பாயில் இருக்கும் மனைவி ரமாபாய்க்குப் போக வேண்டும். நாடகம், கேளிக்கை, நல்ல விருந்து எதற்கும் அந்த மாணவர் செலவழிக்கவில்லை. மிச்சம் பிடித்த காசையெல்லாம் பழைய புத்தகக் கடையிலே கொட்டினார். 1915இல் எம்.ஏ. பட்டம். அடுத்த ஆண்டு டாக்டர் பட்டத்துக்கான ஆய்வுரையையும் எழுதிக் கொடுத்துவிட்டு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். பொருளாதாரக் கல்லூரியிலே ஒரு படிப்பு. கிரேஸ் இன்னிலே பாரிஸ்டர் படிப்பு. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினார்.

தொடங்கியது முடியவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. திரும்ப வேண்டும் என்று பரோடாவிலிருந்து உத்தரவு வந்தது. நான்கு ஆண்டுக்குள் வந்து படிப்பை முடிக்கலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டு 1917இல் தாயகம் திரும்பினார். முதல் உலகப்போர் நடந்த நேரம். அவருடைய புத்தகங்களை ஏற்றிவந்த வேறொரு கப்பலை நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. பட்டினி கிடந்து சேர்த்த புத்தகங்கள் கடலுக்கு இரையாயின! மூழ்கிய சாமானுக்கு நஷ்டஈடாக 600 ரூபாய் கிடைத்தது. பரோடாவுக்குப் போய் வேலையில் சேர அவர் கையிலிருந்த முதல் அதுதான்.

இனிமேல்தான் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி வருகிறது.

பரோடாவில் அவருக்குக் கொடுக்கப்பட்டது மன்னரின் ராணுவச் செயலாளர் என்ற பெரிய பதவி. பதவி பெரிது, மரியாதை? காகிதக் கட்டுகளைக் கையிலே கொடுத்தால் தீட்டு என்று, தூரத்தில் நின்று மேஜைமேல் வீசினார்கள் அலுவலகச் சேவகர்கள். நியூயார்க்கிலும் லண்டனிலும் கற்றுத் தேறி வந்த அதிகாரிக்கு, அலுவலகத்திலே குடிக்கத் தண்ணீர் இல்லை. குடியிருக்க வீடு? இந்து விடுதியிலே இடமில்லை. கடைசியில் பார்சி விடுதி ஒன்றில், பார்சிப் பெயர் ஒன்றைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலை, தடிகளோடு வந்து நின்றார்கள் பார்சிகள் சிலர். விடுதி தீட்டாகிவிட்டது, மாலைக்குள் காலி செய் என்று மிரட்டினார்கள். நண்பர்கள் இருவரை நாடினார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், இடம் தரவில்லை. பூங்காவில் போய் உட்கார்ந்தார். இரவு ரயிலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. இருபத்தாறு வயதுப் பட்டதாரி, மேலே வானம், கீழே பூமி என்று உட்கார்ந்திருந்தார். பத்தாண்டு வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்தவர் சில நாட்களிலேயே ஊரைவிட்டு வெளியேறினார். அவர் வேலையை வெறுத்தாரா? இல்லை. ஊர் அவரை வெளியே தள்ளிற்று!

தகுதி இருந்தால் வேலை தானாக வரும் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: அம்பேத்கரிடம் எந்தத் தகுதி குறைவாக இருந்தது? எந்தப் பட்டம் இல்லாமல் அவர் அந்தப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்?

பம்பாய் திரும்பினார். பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்கு வியாபாரிகளுக்கு யோசனை சொல்லும் ஒரு சிறு நிலையம் தொடங்கினார். ஆள் வந்தது, யோசனையும் பிடித்தது. யோசனை சொல்லுகிறவர் இன்ன குலம் என்று தெரிந்ததும் ஆள் வருவது நின்றுவிட்டது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 450 ரூபாய் சம்பளம். அவருடைய வகுப்பைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். ஆனால் பேராசிரியர்களுக்கென வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று உடன் பணியாற்றிய சில பேராசிரியர்களே ஆட்சேபித்தார்கள். சதாரா பள்ளிக்கூடத்திலே தொடங்கிய அந்தத் தாகம், பேராசிரியர் அறையிலும் தீரவில்லை.

450 ரூபாய் சம்பளத்தில் அவர் மாளிகை கட்டவில்லை. குடும்பத்தைப் பரேல் குடியிருப்பிலேயே சிக்கனமாக நடத்திக்கொண்டு, லண்டன் படிப்புக்காகப் பணம் சேர்த்தார். கோல்ஹாப்பூர் மன்னர் ஷாஹு உதவினார். கொலம்பியாவில் உடன் தங்கிப் படித்த பார்சி நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். தடி எடுத்து வந்தவர்களும் பார்சிகள். தக்க நேரத்தில் கை கொடுத்தவரும் பார்சி. மனிதரை மதத்தால் மட்டும் அளக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

1920இல் மீண்டும் லண்டன். பிரிட்டிஷ் மியூசியத்து வாசகசாலை திறக்கும்போது உள்ளே போனால், மூடும்போதுதான் வெளியே வருவார். காலையிலே ஒரு ரொட்டித் துண்டு, ஒரு கோப்பைத் தேநீர். பகல் உணவுக்குக் காசில்லை. இரவு பத்து மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். தெரிந்தவர் கொடுத்த அப்பளத்தில் நாலைச் சுட்டுத் தின்றுவிட்டு மறுபடியும் புத்தகம். இங்கே பரேலில் ரமாபாய் குழந்தையை வைத்துக்கொண்டு வறுமையோடு போராடினார். அந்தத் தம்பதிக்குப் பிறந்த குழந்தைகளிலே வளர்ந்து ஆளானது யஷ்வந்த் ஒருவர்தான். மற்றக் குழந்தைகள் இளம் பிராயத்திலேயே மடிந்தன. கணவரின் பட்டங்களுக்கு அந்த அம்மையார் கொடுத்த விலையை எந்தக் கணக்கில் எழுதுவது?

1921இல் எம்.எஸ்ஸி. பட்டம். இந்திய நாணயத்தைப் பற்றிய ஆய்வுரைக்காக 1923இல் டி.எஸ்ஸி. பட்டம். பாரிஸ்டர் தேர்வும் முடிந்தது. 1923 ஏப்ரலில் பம்பாய் வந்து இறங்கினார். வழக்கு நடத்தச் சன்னது வாங்கப் பணம் இல்லை! அதற்கும் பதேனாதான் உதவினார். சன்னது வந்தது, வழக்கு வரவில்லை. தீண்டப்படாதவர் என்று சொல்லிப் பெரிய வழக்குகளைத் தர வக்கீல்கள் தயங்கினார்கள். வருமானம் போதாமல், 1925 முதல் 1928 வரை, கணக்குப் படிப்பு நடத்தும் ஒரு நிலையத்தில் பகுதிநேர ஆசிரியராகச் சட்டம் சொல்லிக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுக்கு மேல்.

பிறகு வளர்ந்தார், நாடே அறிய வளர்ந்தார். அந்தக் கதை தோழர்களுக்குத் தெரியும். நாம் சொல்ல வருவது வேறு. தாம் பட்ட கஷ்டத்தை எண்ணி அழுதுகொண்டு உட்காரவில்லை அவர். நான் சிரமப்பட்டு முன்னேறினேன், நீயும் அப்படியே சிரமப்படு என்று அடுத்த தலைமுறையிடம் சொல்லவும் இல்லை. எங்கெங்கே தமக்கு வழி அடைபட்டதோ, அங்கங்கே பிறருக்கு வழி திறந்தார்.

தமக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. 1924இல் அவர் தொடங்கிய சபை, மறு ஆண்டே சோலாப்பூரில் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு விடுதி திறந்தது. தமக்கு மன்னர் மனம் வைத்தால்தான் உதவி என்ற நிலை இருந்தது. 1942இல் வைசிராய் நிர்வாகசபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர்படிப்புக்கென்று ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாயைச் சர்க்கார் ஒதுக்கும்படி செய்தார். மன்னரின் தயவாக இருந்தது, மாணவரின் உரிமையாக மாறிற்று. தகுதி இருந்தும் தாம் விரட்டப்பட்டார். 1943இல் மத்திய சர்க்கார் உத்தியோகங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 8⅓ சதவீதம் ஒதுக்கப்பட்டது. வேலை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆயிரம் வாசல் ஏறி இறங்கும் நிலை மாற, அவர் பொறுப்பிலிருந்த துறையின்கீழ் 1945இல் வேலைவாய்ப்பு நிலையங்கள் தோன்றின. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஏழைகளுக்காகக் காலை நேரத்திலே வகுப்பு. தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 மணியாகக் குறைந்த சட்டமும் அதே ஆண்டு வந்தது. அதற்கு அடித்தளம் இட்டவரும் அவரே. தகப்பனுக்கு ஓய்வு கிடைத்தால்தான் பிள்ளையின் பாடத்தை எட்டிப் பார்க்க முடியும் என்பதைப் பரேல் அறையிலே வளர்ந்தவருக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். ஆனால் அவர் சந்தித்த கேள்வி மறையவில்லை. இன்றைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிச் சம்பளம் ஒரு மலை; விடுதிச் சாப்பாடு ஒரு மலை; பட்டத்துக்குப் பின் வேலை மூன்றாவது மலை. முதல் மலையைத் தாண்ட உதவிவிட்டு மற்ற இரண்டுக்கும் கையை விரித்தால், அது உதவியாகாது. படிக்க உதவி, தங்க இடம், வேலையில் உரிமை மூன்றும் சேர்ந்தால்தான் படிப்பு முழுமை பெறும்.

ஏப்ரல் 14 வந்தால் மாலை வாங்குகிறோம், வாங்குவோம், தவறில்லை. அதோடு நில்லாமல், நம் மன்றங்களும் படிப்பகங்களும் ஒரு காரியத்தை ஏற்கட்டும். நம் தெருவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர், உதவித்தொகைக்கு மனுப் போட்டவர் யார், போடத் தெரியாமல் விட்டவர் யார், விடுதியிலே சோறு ஒழுங்காகக் கிடைக்கிறதா, படித்து முடித்து வீட்டில் இருப்பவர் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மனு எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். கிடைக்காத உதவியைக் கேட்டுப் பெற, நாலு பேராகச் சேர்ந்து அலுவலகத்துக்குப் போங்கள். அன்று ஒரு கேளுஸ்கர் எடுத்துச் சொன்னதால் ஓர் அம்பேத்கர் கிடைத்தார். நம் தெருவிலே எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை அம்பேத்கர்கள் படிப்பை நிறுத்திவிட்டுக் கூலிக்குப் போகிறார்களோ! அந்த ஆளாக நாம் இருப்போம்.